அக்கப்பெல்லா: பாலக்கரையிலும் திருவரங்கத்திலும்

அக்கப்பெல்லா என்பது இசைக்கருவியின் துணையின்றிக் குரலால் மட்டும் பாடும் முறைக்கான இத்தாலியப் பெயர். 'சிற்றாலயத்தில் பாடுவதுபோல' என்பது அதன் நேர்ப்பொருள். மேற்கத்திய இசையைப் பற்றிப் பேசும்போதே இந்தச் சொல் பெரிதும் வழங்குகிறது. வழக்கமோ மொழியும் சமயமும் கடந்தது. திருச்சிராப்பள்ளியில் பாலக்கரையின் கத்தோலிக்க ஆலயங்களில் அதன் ஒரு கிளையும், காவிரிக்கு அப்பால் திருவரங்கம் கோயிலில் இன்னொரு கிளையும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இன்றும் வாழ்கின்றன.

பெயர் பிறந்த இடம் ரோம். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர்கள் ஆர்கன் இல்லாமலே பாடிவந்தவர்கள். திரிதெந்து பொதுச்சங்கம் (1545–1563) கூடிய காலத்தில், பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாடும்போது வழிபாட்டின் சொற்கள் காதில் தெளிவாக விழுவதில்லை என்ற கவலை திருச்சபையில் வலுத்திருந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்திரீனாவின் (இறப்பு 1594) இசை அந்தக் கவலைக்கு விடையாகப் பின்னாளில் போற்றப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் அக்கப்பெல்லா என்றால் அந்தப் பழைய பாணி என்றே பொருள். பாடகரின் சுரத்தையே கருவிகளும் சேர்ந்து வாசிப்பதை அது விலக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பலஸ்திரீனாவைக் கொண்டாடியவர்கள் அந்த இசை முழுக்க வெறுங்குரலால் ஆனது என்று கருதியதால்தான் இன்றைய பொருள் உறுதிப்பட்டது.

இந்த மரபு கத்தோலிக்க வழிபாட்டோடு திருச்சிக்கும் வந்தது. பாலக்கரையில் உலக மீட்பர் பசிலிக்காவும் வியாகுல மாதா ஆலயமும் இருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) வழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்துவிடும்வரை பூசை இலத்தீனில்தான் நடந்தது. பிறகு தமிழ்ப் பாட்டும், அதோடு ஆர்மோனியம், தபேலா, கீபோர்டு எல்லாமும் பீடத்தருகே இடம்பிடித்தன. ஆனாலும் புனித வாரத்தின் விதி மாறவில்லை. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடி முடிந்ததும் மணிகள் ஓய்ந்துவிட வேண்டும். பாஸ்கா திருவிழிப்பில் அந்தப் பாடல் மீண்டும் எழும்வரை, கருவி பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே ஒலிக்கலாம், தனித்து ஒலிக்கக் கூடாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவதும் பழைய வழக்கம்.

தவக்காலத்தின் சிலுவைப் பாதையில் 14 நிலைகளுக்கு இடையே பாடுவதற்கென்று பல நாடுகளில் நிலைத்த பாடல், 13ஆம் நூற்றாண்டு இலத்தீன் மரபைச் சேர்ந்த 'ஸ்தாபாத் மாத்தெர்'. சிலுவையடியில் நின்ற தாயின் துயரம் அதன் பொருள். அதற்குப் பலஸ்திரீனா எட்டுக் குரல்களில் இசையமைத்தார். அந்தத் துயரத் தாய்தான் பாலக்கரையில் வியாகுல மாதாவாக வீற்றிருக்கிறாள். அவளைத் தமிழில் பாடியவரும் ஓர் இத்தாலியரே. வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றியவர். மாதாவின் அழுகையைப் பொருளாக வைத்து அன்னை அழுங்கல் அந்தாதி இயற்றினார். தம் நாட்டின் பல்குரல் இசையை அவர் இங்கே நடவில்லை. தமிழ் யாப்பின் ஓசையையே எடுத்துக்கொண்டார். அது மிகச் சரியான தேர்வு என்பேன்.

திருவரங்கத்தின் கிளை இதைவிட மிக மூத்தது. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள், தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் அதை இசையோடு கற்பித்தார் என்பது வைணவ மரபு. அவ்வழி வந்தவர்களே அரையர்கள். தமிழ்நாட்டில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று ஊர்களில் அரையர் சேவை நிலைத்திருக்கிறது. திருவரங்கத்தில் மார்கழி அத்யயன உற்சவமே அதற்கு உச்சம். பகல்பத்தில் அர்ச்சுன மண்டபத்திலும், இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்திலும் உற்சவர் நம்பெருமாள் எழுந்தருளியிருக்க, தலையில் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் முன்னே நிற்பார். பாசுரத்தைப் பாடுவார், அபிநயம் பிடிப்பார், பிறகு தம்பிரான்படி வியாக்கியானம் சொல்வார். இராப்பத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி நாளுக்கு ஒரு பத்தாக நிறைவேறும்.

மிருதங்கம் இல்லை, வீணை இல்லை, சுருதிப்பெட்டிகூட இல்லை. தாளம் இருக்கிறதே, இதை எப்படித் துணையில்லாப் பாட்டு என்பது என்று கேட்கலாம். தாளம் காலத்தை மட்டுமே அளக்கிறது, சுருதியைத் தருவதில்லை. கச்சேரி மேடையில் தனியாக அமர்ந்து பாடுபவருக்கும் ஒரு தம்பூரா உண்டு. அரையருக்கு அதுவும் கிடையாது. சுருதியைத் தம் தொண்டைக்குள்ளிருந்தே எடுத்தாக வேண்டும். திருவாய்மொழிப் பதிகங்களுக்குப் பண்ணும் தாளமும் ஏடுகளில் குறிக்கப்பட்டிருக்க, இன்று காதில் விழுவது பெரும்பாலும் பாட்டுக்கும் ஓதலுக்கும் நடுவில் நிற்கும் ஒரு நடை. பண் தேய்ந்து சொல் தங்கிவிட்டது. இது பெரிய இழப்புதான். ஆனாலும், எந்தச் சொல் காதில் விழாமல் போய்விடுமோ என்று ரோமில் அஞ்சினார்களோ, அது இங்கே ஓர் அசைகூடச் சிந்தாமல் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது.

கருவியோடு பாடியவர்களும் இதே மண்ணில் உண்டு. உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் பாணர் மரபினர். கையில் யாழோடே சிலை வடிக்கப்படுபவர். சைவத்தில் திருஞானசம்பந்தருக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்துத் துணைவந்தார். ஆனால் தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. யாழ்ப்பாணர் கருவியையே உடைக்க முனைந்தார் என்கிறது பெரியபுராணம். கருவி எட்டாத இடத்துக்குக் குரல் போகும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் கதை உலக இசை வரலாற்றில் அரிது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை அமர்த்தினான். உடன் கொடுத்தவை ஓர் உடுக்கையும் ஒரு கொட்டிமத்தளமும் மட்டுமே. அங்கும் துணை தாளத்துக்குத்தான்.

கோயிலுக்கு வெளியே கணக்குப் பார்த்தால் தமிழரின் பாட்டில் பெரும்பகுதி துணையில்லாதது. தாலாட்டு, நடவுப் பாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி, முஸ்லிம் வீடுகளில் ஓதும் மௌலிது எல்லாம் வெறுங்குரலே. இவற்றுக்கு வரலாற்றில் இடம் கொடுக்காமல் போனது நம் இசை நூல்களின் குறை.

ஐரோப்பிய அக்கப்பெல்லாவுக்கும் இவை அனைத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பல குரல்கள் வேறு வேறு சுரங்களில் பின்னிச் செல்லும். இங்கே ஒரு குரல், அல்லது கோஷ்டியாகப் பலர் ஒரே சுரத்தில். அந்தப் பின்னலைத் தமிழ்க் காதுகளுக்குப் பரவலாகக் கொண்டுசேர்த்தது திரைப்படம். 'திருடா திருடா' (1993) படத்தில் ஏ. ஆர். ரகுமான் அமைத்து ஷாகுல் ஹமீது பாடிய ராசாத்திப் பாட்டைச் சுற்றிலும் குழுக்குரல்களே தாங்குகின்றன. மெட்டின் ஏக்கமோ அச்சு அசல் நாட்டுப்புறம். 'மாயா பஜார்' (1995) படத்துக்காக இளையராஜா ஒரு முழுப் பாடலையே குரல்களால் அமைத்தார். கருவிகள் செய்யும் வேலையையும் அதில் தொண்டைகளே செய்கின்றன.