பச்சை அட்டைக்குத் துண்டு போட்ட கதை

மக்களே, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. தீசிஸ், டிஏ வேலை, மிச்ச நேரத்துல சாம்பார்னு பொழப்பு ஓடுது. இங்க அமெரிக்காவுல ரெண்டு இந்தியர் சந்திச்சா, ஊர், பேர் விசாரிச்ச கையோட வர்ற அடுத்த கேள்வி "உங்க டேட் என்ன?" பொறந்த தேதியும் இல்ல, கல்யாணத் தேதியும் இல்ல. கிரீன் கார்டுக்கு மனு போட்ட தேதி. படிப்பை முடிச்சிட்டு அந்த வரிசையில போய் நிக்கலாமா வேணாமான்னு நானும் இந்த வருஷம் முடிவு பண்ணணும். சரி, இவ்ளோ பெரிய வரிசை எப்படித்தான் உருவாச்சுன்னு தேடிப் படிச்சேன். படிச்சதை இங்க கொட்டுறேன். நீளமான பதிவு, டீ போட்டுக்கிட்டு வாங்க :-)

முதல்ல பேர்க்காரணம். 1940-ல வந்த சட்டப்படி அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டுக்காரர் எல்லாரும் தபால் ஆபீஸ்ல போய்ப் பதிவு பண்ணிக்கணும். அதுக்கப்புறம் நிரந்தரமா தங்கலாம்னு அனுமதி வாங்கினவங்களுக்குக் கொடுத்த அட்டை பச்சை நிறம். 1964-ல அதை நீலமாக்கிட்டாங்க. பிறகும் பல நிறம் மாறி, 2010-லதான் திரும்பப் பச்சைக்கு வந்துச்சு. நடுவுல 46 வருஷம் பச்சையே இல்லாத அட்டையைத்தான் உலகமே "பச்சை அட்டை"ன்னு கூப்பிட்டுச்சு.

நம்மாளுங்களுக்கு இந்த அட்டை எட்டாத காலம் ஒண்ணு இருந்தது. 1917 சட்டம் இந்தியா உள்பட ஆசியாவோட பெரும்பகுதியிலிருந்து குடியேறுவதற்குத் தடை போட்டது. 1923-ல பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் "வெள்ளையர்" கணக்கில் வரமாட்டார், அதனால குடியுரிமை கிடையாதுன்னு சொல்லிடுச்சு. (இவர் நம்ம சுதந்திரப் போராட்ட பகத் சிங் இல்லை, முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்.) கதவு கொஞ்சமாத் திறந்தது 1946-ல். லூஸ்-செல்லர் சட்டம் இந்தியாவுக்கு ஒதுக்கிய இடம் வருஷத்துக்கு எவ்வளவு தெரியுமா? 100. நூறு பேர். அதே சட்டம்தான் இந்தியர் குடியுரிமை பெறவும் வழி விட்டது. 1937-லயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்துட்ட நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் 1953-ல்தான் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

பெரிய மாற்றம் 1965. அதுவரை இருந்த முறையில் பிரிட்டன், ஜெர்மனி மாதிரி நாடுகளுக்கு அள்ளிக் கொடுப்பாங்க, மத்தவங்களுக்குக் கிள்ளிக் கொடுப்பாங்க. கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். ஜனாதிபதி ஜான்சன் அக்டோபர் 3 அன்னிக்கு சுதந்திர தேவி சிலையடியில் உட்கார்ந்து புதுச் சட்டத்தில் கையெழுத்து போட்டார். இந்தியா இருக்கிற கிழக்கு அரைக்கோளத்தில் இனி எந்த நாடா இருந்தாலும் உச்சவரம்பு ஒண்ணுதான், வருஷத்துக்கு 20,000. 100 எங்கே, 20,000 எங்கே! அன்னிக்கு அது நியாயமான சட்டம். இன்னிக்கு அமெரிக்காவில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்குன்னா அதுக்கு வேர் அங்கேதான்.

இப்ப நம்ம வில்லன் வர்றார். ஆனா வில்லன் மாதிரி வரலை, நல்லவர் வேஷத்துலதான் வந்தார். 1990 சட்டம் வேலை அடிப்படையில் வருஷத்துக்கு 1,40,000 கிரீன் கார்டுன்னு நிர்ணயிச்சது. மனைவி, கணவன், பிள்ளைகளும் இதே கணக்கில்தான். கூடவே எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாதுன்னு ஒரு வரி. மாஸ்டர்ஸ் படிச்சவங்க போற ஈபி-2 பிரிவுக்கு வருஷம் சுமார் 40,000 இடம். அதில் 7 சதவீதம் போட்டுப் பாருங்க, 2,800 வரும். ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. மத்த நாட்டுக்காரங்க எடுக்காம விட்ட மிச்சம் கிடைச்சா அது போனஸ். அதே 1990 சட்டம்தான் ஹெச்1பி விசாவையும் இன்னிக்கு இருக்கிற உருவத்துக்குக் கொண்டு வந்தது. வாசக்கதவை அகலமாத் திறந்து ஆளைக் கூப்பிட்டுட்டு, உள் அறைக் கதவைச் சின்னதா வச்சுட்டாங்க.

சரி, மனு போட்ட பிறகு என்னதான் நடக்குது? இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கலைன்னு கம்பெனி விளம்பரம் போட்டுப் பார்த்து, தொழிலாளர் துறைக்கு மனு போடணும். அந்த மனு போட்ட தேதிதான் உங்க "டேட்". பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதுதான் இது. அடுத்து கம்பெனி போடுறது ஐ-140. கடைசியா நாம போடுறது ஐ-485. பிரச்சினை இங்கதான். உங்க தேதி வந்தாத்தான் ஐ-485 போட முடியும். அது போட்டு 180 நாள் ஆயிட்டா அதே மாதிரி வேற வேலைக்குத் தாவலாம்னு 2000-ல ஒரு சட்டம் வழி செய்தது. ஆறு வருஷம் முடிஞ்ச பிறகும் ஹெச்1பியை நீட்டிச்சுக்கிட்டே போகலாம்னு சொன்னதும் அதே சட்டம்தான். ஆக துண்டு போட்டாச்சு, ஆனா பஸ்ஸுக்கு வெளியவே தொங்கிக்கிட்டு வருஷக்கணக்கா பயணம்.

2007 கூத்தை மறக்கவே முடியாது, அப்ப நான் பள்ளிக்கூடப் பையனா இருந்தாலும் :-) ஜூலை மாச விசா புல்லட்டின், கிட்டத்தட்ட எல்லாருக்கும் தேதி வந்தாச்சு, மனு போடலாம்னு அறிவிச்சது. ஜனங்க மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, போட்டோன்னு அலைஞ்சு திரிஞ்சு தயாரானா, ஜூலை 2 அன்னிக்கு "இடம் காலி"ன்னுட்டாங்க. நம்மாளுங்க என்ன பண்ணினாங்க? "லகே ரஹோ முன்னாபாய்" பாணியில், நம்ம வசூல்ராஜாவோட மூலப்படத்துக்கு ரெண்டாம் பாகம் அது, குடியேற்றத்துறை இயக்குநருக்குப் பூங்கொத்தா அனுப்பித் தள்ளிட்டாங்க. அவர் அதையெல்லாம் காயம்பட்ட ராணுவ வீரர்கள் இருக்கிற மருத்துவமனைக்கு அனுப்பி வச்சார். வழக்கு, ஊர்வலம், பூ எல்லாம் சேர்ந்து, ஜூலை 17-ல் அரசு இறங்கி வந்து ஆகஸ்ட் 17 வரை மனு வாங்கிக்கிட்டது. அந்த ஒரு மாச ஜன்னல்ல உள்ளே கையை விட்டவங்களுக்கு வேலை மாறுற சுதந்திரமாவது கிடைச்சது.

தேதி முன்னாடி மட்டும் போகாது, பின்னாடியும் போகும். 2012 மார்ச்சில் ஈபி-2 இந்தியா தேதி 2010 மே 1. அதே வருஷம் அக்டோபரில் 2004 செப்டம்பர் 1! கொரோனா காலத்தில் குடும்ப விசாக்கள் மிஞ்சி இந்தப் பக்கம் வந்ததால், 2022 செப்டம்பரில் 2014 டிசம்பர் வரை ஓடிச்சு. பிறகு மறுபடி ரிவர்ஸ். 2023 அக்டோபரில் நின்ன இடம் 2012 ஜனவரி 1. 2012 மார்ச்சோட ஒப்பிட்டா பதினொன்றரை வருஷத்தில் தேதி நகர்ந்தது இருபதே மாசம்.

இதுல பிறந்த நாடுதான் கணக்கு, பாஸ்போர்ட் இல்லை. தஞ்சாவூர்க்காரர் பல வருஷம் காத்திருப்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அதே ஆபீஸ், அதே வேலை, அதே தமிழ், ஆனா இந்திய வரிசையில் நிக்கவே வேண்டாம். மனைவி கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தா, கணவரும் அந்த நாட்டுக் கணக்கில் நுழையலாம். சந்திரசேகர் பிறந்தது லாகூரில். இன்னிக்கு மனு போட்டா அவர் பாகிஸ்தான் கணக்கு!

சிரிச்சுட்டுப் போக முடியாத பகுதி பிள்ளைகள். 21 வயசு தாண்டினா அப்பா அம்மாவோட மனுவிலிருந்து பேர் விழுந்துடும். ஐ-140 நிலுவையில் கிடந்த நாட்களை வயசிலிருந்து கழிச்சுக்கலாம்னு 2002 சட்டம் ஒண்ணு இருக்கு, ஆனா தேதிக்காகக் காத்திருந்த வருஷங்களை யாரும் கழிக்கிறதில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனோட பொண்ணு மூணு வயசுல இங்க வந்தது. இப்ப கல்லூரி விண்ணப்பத்தில் வெளிநாட்டு மாணவின்னு எழுதுது. அந்தப் பொண்ணுக்குத் தமிழ்நாடுன்னா கோடை விடுமுறை, அவ்வளவுதான்.

மாத்த முயற்சி நடக்காம இல்லை. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-65 என்று ஜெயிச்சது. 2020 டிசம்பரில் மேலவையும் தன் வடிவத்தை நிறைவேற்றியது. ரெண்டையும் ஒண்ணாக்குறதுக்குள் அவைக்காலம் முடிஞ்சு மசோதா செத்துப் போச்சு. வரம்பை எடுத்தா மத்த நாட்டுக்காரங்க காத்திருப்பு கூடும்னு எதிர்த்தவங்க சொன்னதிலும் உண்மை இருக்கு. மொத்த எண்ணிக்கையை ஏத்தாம வரம்பை மட்டும் எடுத்தா, வலி இடம் மாறும், குறையாது.

எனக்குப் புரிஞ்சது இதுதான். 1965-ல நாடுகளைச் சமமா நடத்தணும்னு நினைச்சாங்க. அது நடந்தது. நாடுகள் சமமாச்சு, மனுஷங்க சமமாகலை. வரிசை நகராததுக்கு உங்க படிப்போ, உழைப்போ, வக்கீலோ காரணம் இல்லை, வகுத்தல் கணக்குதான் காரணம். அதனால மனு போடுறதுக்கு முன்னாடி, உங்க டேட் எப்ப வரும்னு கணக்கு போடாதீங்க, அது யாருக்கும் தெரியாது. அது வராமலே போனாலும் இந்த ஊர், இந்த வேலை நமக்குச் சரியான்னு கேட்டுப் பாருங்க. நானும் இப்ப அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். வரிசையில நிக்கிறவங்க, நின்னு பாதியில் கிளம்பினவங்க ரெண்டு பேருமே பின்னூட்டத்தில் வந்து சொல்லுங்க, உபயோகமா இருக்கும்.