பழைய கார்க் கடனும் பிரதிவாதியின் எதிருரையும்: இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு வரலாறு

இங்கிலாந்திலும் வேல்சிலும், பல ஆண்டுகளுக்கு முன்பே தவணை நின்றுபோன ஒரு கார்க் கடனுக்காக வழக்குத் தொடரப்படும்போது, பிரதிவாதி தம் எதிருரையில், அதாவது வாதியின் கோரிக்கைக்கு எழுத்து வடிவில் அளிக்கும் பதிலில், பெரும்பாலும் மூன்று கேள்விகளை எழுப்புகிறார்: வழக்குத் தொடுப்பதற்கான காலம் கடந்துவிட்டதா, கார் சட்டப்படி மீட்கப்பட்டதா, ஒப்பந்தத்தை முறிக்கும் முன் தரவேண்டிய அறிவிப்பு முறையாகத் தரப்பட்டதா. வாங்கிய கடனிலிருந்து நழுவப் பார்ப்பவருக்குச் சட்டம் விட்டுவைத்த சந்துபொந்துகளாக இவை முதற்பார்வையில் தோன்றக்கூடும். ஆனால் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அநீதிகளுக்கு மாற்றாக, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றவை. அந்த அநீதிகளை அறியாமல் இவற்றின் நியாயத்தை அளவிட இயலாது.

இவற்றுள் மூத்தது காலவரம்பு. முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1623ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டுகள், தாக்குதலுக்கு 4 ஆண்டுகள், அவதூறுப் பேச்சுக்கு 2 ஆண்டுகள் என வழக்குத் தொடுக்கும் காலத்தை வரையறுத்தது. வழக்கின் இரு தரப்பினரும் தாமே சாட்சி சொல்ல அனுமதிக்கப்படாத அந்நாளில், ரசீது தொலைந்து, கண்ணால் கண்டவர்களும் இறந்துபோன பின் ஒரு வழக்கு வந்தால், கடனை ஏற்கெனவே அடைத்தவர்கூட அதை மெய்ப்பிக்க வழியின்றி மறுமுறை பணம் கட்ட நேரும் என்பதே இவ்வரம்புக்கு அடிப்படை. எனினும் நீதிபதிகள் பலர் இதை நேர்மையுள்ளவர் சொல்லத் தகாத சாக்காகவே கருதி, கடனாளி பேச்சுவாக்கில் உதிர்த்த ஓரிரு சொற்களையும் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, ஆறாண்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்க இடமளித்தனர். டென்டர்டன் பிரபுவின் பெயரால் அறியப்படும் 1828ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய ஒப்புதல் கையெழுத்திட்ட எழுத்தாக இருக்கவேண்டும் என்று விதித்து இவ்வழக்கத்துக்கு முடிவுகட்டியது. இன்று நடைமுறையிலுள்ள 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறாண்டுகள் முடியும் முன் கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு சிறு தொகையைச் செலுத்தினாலோ கணக்கு மீண்டும் தொடங்கும். முடிந்த பின் தரும் ஒப்புதலோ பணமோ காலாவதியான உரிமையை உயிர்ப்பிப்பதில்லை. ஸ்காட்லாந்தில் பொதுவாக 5 ஆண்டுகளில் கடனே அற்றுப்போகிறது. இங்கிலாந்தில் கடன் பெயரளவில் நிற்க, நீதிமன்றத்தின் வழி மட்டுமே அடைபடுகிறது.

கார் சட்டப்படி மீட்கப்பட்டதா என்னும் கேள்வி, வாடகைக் கொள்முதல் முறையிலிருந்து பிறந்தது. பொருளை வாடகைக்கு எடுத்து, தவணைகள் அனைத்தையும் கட்டிய பின் அதை வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பெறும் இம்முறை, 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ரயில் சரக்குப் பெட்டிகளை வழங்கிய நிறுவனங்களிடமும், பின்னர் தையல் இயந்திர, பியானோ வணிகர்களிடமும் வளர்ந்தது. இதன் சட்ட வடிவத்தை உறுதிசெய்த தீர்ப்பு, 1895இல் பிரபுக்கள் அவை வழங்கிய ஹெல்பி எதிர் மேத்யூஸ் என்பதாகும். மாதம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 36 மாதங்கள் செலுத்தும் ஏற்பாட்டில் பியானோவை எடுத்துச்சென்ற வாடிக்கையாளர், சில மாதங்களிலேயே அதை அடகுக்கடையில் வைத்துவிட்டார். அவர் எப்போது வேண்டுமானாலும் பியானோவைத் திருப்பித் தந்து விலகிக்கொள்ளலாம் என்பதால், அவர் வாங்க ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார், எனவே அடகு பிடித்தவருக்கு அதன்மீது உரிமை இல்லை என்று அவை தீர்ப்பளித்தது. கடைசித் தவணை வரை பொருள் முழுமையாக வணிகருக்கே சொந்தம் என்னும் நிலை இவ்வாறு உறுதிப்பட்டது.

அந்த உறுதிப்பாடே அடுத்த தலைமுறையில் கொடுமைக்கு வழிவகுத்தது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அறைகலன்களும் வானொலிகளும் கார்களும் தவணையில் பெருமளவு விற்பனையானபோது, விலையின் பெரும்பகுதியைக் கட்டிவிட்ட குடும்பம் வேலையிழப்பால் ஒரு தவணை தவறினாலும், வணிகர் ஆட்களை அனுப்பிப் பொருளைத் தூக்கிச்சென்று, அதையே வேறொருவருக்கு மீண்டும் தவணையில் விற்க முடிந்தது. கட்டிய பணம் அத்தனையும் வாடகையாகக் கழிந்தது. வேலையின்மையால் சிதைந்த ஜாரோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் முன்னெடுத்த தனிநபர் மசோதா, 1938இல் வாடகைக் கொள்முதல் சட்டமாயிற்று. மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு செலுத்தப்பட்ட பின் நீதிமன்ற ஆணையின்றிப் பொருளை மீட்கக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. ஆயினும் மோட்டார் வாகனங்களைப் பொறுத்தவரை 50 பவுண்டுக்கு மேற்படாத விலைக்கே சட்டம் பொருந்தியதால், புதிய கார்கள் அதன் காப்புக்கு வெளியே நின்றன. இவ்வரம்பு 1954இல் 300 பவுண்டாகவும், 1964இல் 2,000 பவுண்டாகவும் உயர்ந்தபோதுதான் கார் வாங்கியவர்களுக்கு அது மெய்யான பாதுகாப்பாயிற்று.

நுகர்வோர் கடனை ஆராய்ந்த கிரௌதர் குழுவின் 1971ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம், இவ்விதியை நிலைநிறுத்தி, மீறுவோருக்குக் கடுமையான விளைவையும் வைத்தது. மொத்தம் 9,000 பவுண்டு கட்டவேண்டிய காருக்கு 3,000 பவுண்டு செலுத்திய ஒருவரிடமிருந்து, அவர் சம்மதமும் நீதிமன்ற ஆணையும் இன்றி நிறுவனம் வண்டியை எடுத்துச்சென்றால், ஒப்பந்தம் அத்துடன் முடிந்து, மீதிக் கடனிலிருந்து அவர் விடுபடுவதோடு, கட்டிய தொகை முழுவதையும் திரும்பப் பெறலாம். மொத்த விலையில் பாதியளவுக்குப் பொறுப்பேற்று வண்டியைத் திருப்பித் தந்து விலகும் உரிமையும் வாடிக்கையாளருக்கு உண்டு. ஆகவே வண்டி எந்த நாளில், எவ்வளவு கட்டியிருந்தபோது, யார் சம்மதத்துடன் போயிற்று என்பது, ஆண்டுகள் பல கழிந்து வரும் வழக்கிலும் முதன்மையான கேள்வியாகிறது.

அதே சட்டம், தவணை தவறியவருக்கு, பிழையைச் சரிசெய்ய அவகாசம் தரும் எழுத்து அறிவிப்பை அனுப்பிய பின்னரே ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று கூறியது. முதலில் 7 நாட்களாக இருந்த அவகாசம் 2006ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 14 நாட்களானது. கடன்கள் கைமாறும் வணிகம் பெருகியதும் இவ்வறிவிப்பின் தேதிக்குப் புதிய எடை கூடியது. கடனைப் பெறும் உரிமையை எழுத்து மூலம் இன்னொருவருக்கு மாற்றித்தர 1873ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் வழி திறந்தது; இன்று வாராக்கடன்களைக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் அவ்வழியிலேயே வாதியாகின்றன. 2019இல் கடனட்டை வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம், முழு நிலுவைக்கான ஆறாண்டுக் கணக்கு முதல் தவணை தவறிய நாளிலிருந்து அன்றி, அறிவிப்பின் அவகாசம் முடிந்ததிலிருந்தே தொடங்கும் என்று தீர்ப்பளித்தது. கடனாளியைக் காக்க வந்த அறிவிப்பு, அதைத் தாமதித்து அனுப்பும் கடன் கொடுத்தவருக்கு வழக்குக் காலத்தை நீட்டித்துத் தருவதாகவும் ஆயிற்று.

இத்தனை பாதுகாப்பும் பதில் சொல்பவருக்கே பயன்படுகிறது. சிறு கடன்களை விரைவாகவும் மலிவாகவும் தீர்க்கவே 1846ஆம் ஆண்டுச் சட்டம் வட்டார நீதிமன்றங்களை நிறுவி, 20 பவுண்டு வரையிலான கோரிக்கைகளை அவற்றிடம் ஒப்படைத்தது. அந்த விரைவு, பின்னாளில் நார்தாம்ப்டன் நகரிலிருந்து மொத்தமாக அனுப்பப்படும் கோரிக்கைப் படிவங்களில் முடிந்தது. படிவம் சேர்ந்த 14 நாட்களுக்குள் பிரதிவாதி பதில் தரவேண்டும். பெற்றுக்கொண்டதை மட்டும் முதலில் தெரிவித்தால் மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். பேசாமல் இருந்தால், காலாவதியான கடனுக்கும் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். ஏனெனில் காலவரம்பைப் பிரதிவாதியே எழுப்பவேண்டும், நீதிமன்றம் தானாக அதைக் கேட்பதில்லை. இங்கிலாந்துச் சட்ட மரபில் வேர்கொண்ட இந்தியச் சட்டம் இவ்விடத்தில் வேறு பாதையில் செல்கிறது: 1963ஆம் ஆண்டு இந்தியக் காலவரம்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிரதிவாதி வாய்திறக்காவிட்டாலும் காலம் கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்யவேண்டும் என்கிறது.

நானூறு ஆண்டுகளில் இங்கிலாந்து உருவாக்கிய பாதுகாப்புகள் மதிப்பு மிக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வறுமையாலும் அச்சத்தாலும் நீதிமன்ற உறையைப் பிரிக்காமல் வைப்பவருக்கே அவை மிகவும் தேவைப்படுகின்றன. அவரைத்தான் அவை சென்றடைவதில்லை. வில்கின்சன் தொடங்கிய பணி முழுமையடைய வேண்டுமெனில், கடன் காலம் கடந்ததா என்று தானே பார்க்கும் கடமையை அந்நாட்டு நீதிமன்றமும் ஏற்பது முறையாகும்.