பத்திரம் பதிவாகிவிட்டது, உரிமை?

"பத்திரம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனி வீடு நம்மது." வீடு வாங்கிய நண்பர்கள் பலரும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை அரசாங்கம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

பத்திரப் பதிவைக் கட்டாயமாக்கும் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1864-ல் வந்தது. பலமுறை திருத்தி எழுதப்பட்டு 1908-ல் அது எடுத்த வடிவம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இடையில் 1882-ல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலம், வீட்டைப் பதிவுப் பத்திரம் மூலம்தான் விற்க முடியும் என்றது அது. அந்த 100 ரூபாய் இன்னும் மாறவில்லை!

அன்றைய அரசின் கவலை போலிப் பத்திரமும் முன்தேதியிட்ட பத்திரமும். அதனால் இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார், அதை ஒப்புக்கொண்டார் என்று குறித்து வைக்க ஏற்பாடு செய்தார்கள். எழுதிக்கொடுத்தவருக்கு அந்தச் சொத்து உண்மையிலேயே சொந்தமா என்ற கேள்விக்குள் போகவில்லை.

அதே காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் வேறு வழியில் யோசித்தார். அவர் வக்கீல் இல்லை, சுங்க அதிகாரியாக இருந்தவர். கப்பல் யாருடையது என்பதைப் பதிவேடு சொல்லிவிடுகிறது, நிலத்துக்கு ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டார். 1858-ல் அது சட்டமானது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசு பொறுப்பு. மலேசியா, சிங்கப்பூர் வரை அந்த முறை பரவியது. கோலாலம்பூரில் வீடு வாங்கும் தமிழர் தாய்ப்பத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை.

என் தொழில் பாஷையில் சொன்னால், டோரன்ஸ் வைத்தது டேபிள். இப்போது யார் ஓனர் என்று பார்த்தால் தெரிந்துவிடும். நம்மிடம் இருப்பது லாக் ஃபைல். நடந்ததை வரிசையாக எழுதிக்கொண்டே போகும். இன்றைய ஓனரைக் கண்டுபிடிக்க முதலிலிருந்து படித்து வர வேண்டும். தாய்ப்பத்திரத்தையும் 30 வருட வில்லங்கச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு வக்கீல் செய்வது இதைத்தான்.

அந்த லாக்கிலும் எல்லாம் ஏறாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, கோர்ட்டில் நிற்கும் வழக்கு ஆகியவை வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். சரி, பட்டா இருக்கே? அது வருவாய்த்துறை ஆவணம். பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

தமிழ்நாடு இதைச் சரிசெய்யப் பார்த்தது. பதிவு விதிகளில் 55ஏ என்ற விதியை 2022-ல் சேர்த்தது. விற்பவர் தனக்குச் சொத்து வந்த மூலப் பத்திரத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பதிவு கிடையாது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரத்தை 1908 சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை, அதனால் விதி மூலம் அதைக் கொடுக்க முடியாது என்பது காரணம். உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்தால், பதிவானாலும் வாங்கியவருக்கு உரிமை வராது.

சட்டப்படி தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். நியாயப்படி உறுத்துகிறது. 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் வாங்கும் அரசு, இந்த வீடு உன்னுடையது என்று மட்டும் சொல்லாது. 20 வருட ஹோம் லோனோடு அந்த ரிஸ்க்கையும் வாங்குபவர்தான் சுமக்கிறார்.

விதியைத் திருத்தி இது தீராது, சட்டத்தையே மாற்ற வேண்டும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்கும் முன் லாக்கை நாம்தான் படிக்க வேண்டும். வாரிசுகள் எத்தனை பேர், கேஸ் ஏதும் ஓடுகிறதா, உயில் உண்டா என்று விற்பவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுங்கள். சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை. சார்பதிவாளர் உங்களுக்காக அதைக் கேட்கப் போவதில்லை.