இந்தூர் குப்பைக்குழியும் எங்க வீட்டு மொட்டைமாடியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதைவிட சோம்பேறித்தனம் அதிகம். இப்ப என்னை எழுத வச்சது ஒரு நாத்தம். ஆமாங்க, நாத்தம்தான் :-)

மொட்டைமாடியில இருபது தொட்டி வச்சிருக்கேன். கத்தரி, மிளகாய், தக்காளி, கொஞ்சம் மல்லி. ரெண்டே வருஷத்துல தொட்டி மண்ணு செங்கல் மாதிரி இறுகிப் போச்சு. தண்ணி ஊத்தினா உள்ள இறங்காம ஓரமா வழிஞ்சு ஓடிடுது. சரி, நாமளே உரம் பண்ணுவோம்னு ஒரு பிளாஸ்டிக் டிரம்ல காய்கறித் தோல், மிஞ்சின சோறு, டீத்தூள் எல்லாம் கொட்டி இறுக்கி மூடினேன். பத்தாம் நாள் கீழ்வீட்டு மாமி படியேறி வந்துட்டாங்க. தங்கமணி, "டிரம் வெளிய போகுதா, இல்ல நீங்களும் சேர்ந்து போறீங்களா?"ன்னு கேட்டாங்க.

தப்பு எங்கன்னு தேடிப் படிக்கப் போய், தொட்டியிலேர்ந்து நேரா நூறு வருஷம் பின்னாடி போயிட்டேன். கொசுவத்தி கொஞ்சம் பெரிசா சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க.

1889ல ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்னு ஒரு வேதியியலாளரை இங்கிலாந்துலேர்ந்து இங்க அனுப்பினாங்க. இந்திய விவசாயத்தை எப்படி முன்னேத்தலாம்னு சொல்றது அவர் வேலை. ஊர் ஊரா சுத்திப் பார்த்துட்டு 1893ல அறிக்கை வெளியிட்டார். நம்ம ஆளுங்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர், இந்திய விவசாயி சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்கு எந்த வகையிலயும் குறைஞ்சவன் இல்லை, சில விஷயத்துல மேல்னு எழுதி வச்சுட்டுப் போனார். அப்புறம் ஏன் சாணியை வயல்ல போடாம வரட்டி தட்டி எரிக்கறாங்க? அறிவில்லாததால இல்லை, எரிக்க வேற விறகு இல்லை. உரம் காப்பாத்தணும்னா முதல்ல விறகுக்கு மரம் வளங்கன்னார் மனுஷன். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. மண்ணுப் பிரச்சினைக்கு விடை அடுப்புல இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கார் பாருங்க.

அடுத்து வந்தவர்தான் நம்ம கதாநாயகன், ஆல்பர்ட் ஹோவர்ட். 1905ல பீகார்ல இருக்கற பூசாவுக்கு அரசாங்கத் தாவரவியலாளரா வந்தார். அவர் மனைவி கேப்ரியேலும் கேம்பிரிட்ஜ்ல படிச்ச தாவரவியலாளர்தான். ரெண்டு பேரும் சேர்ந்து புது கோதுமை ரகம் எல்லாம் உருவாக்கினாங்க. ஆனா ஹோவர்ட் கண்ணு பக்கத்து வயல்கள் மேலயே இருந்தது. மருந்தே அடிக்காத அந்த ஊர் விவசாயிகளோட பயிர்ல பூச்சி ஏன் குறைச்சலா இருக்கு? விவசாயியும் பூச்சியும்தான் எனக்குப் பேராசிரியர்கள்னு பின்னாடி எழுதினார்.

பூசாவுல செடிக்கு ஒரு இலாகா, பூச்சிக்கு ஒரு இலாகா, மண்ணுக்கு ஒரு இலாகா. இப்படிக் கூறு போட்டா உண்மை தெரியாதுன்னு அவருக்கு எரிச்சல். 1924ல இந்தூர்ல தனி ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. பருத்தி ஆராய்ச்சிப் பணமும் மத்திய இந்திய சமஸ்தானங்களோட பணமும் சேர்ந்து வந்தது.

அங்க பிறந்ததுதான் 'இந்தூர் முறை'. கையில இருக்கற சாணி கொஞ்சம், பாதி அடுப்புக்குப் போயிடுது. ஆனா தழை, தட்டு, சருகு ஏராளம். கொஞ்ச சாணியை வச்சு இந்த மலையை எப்படி உரமாக்கறது? பருத்தி மாரும் துவரை மாரும் இரும்பு மாதிரி இருக்கும், மக்காது. அதைப் பண்ணைப் பாதையில பரப்பிட்டாங்க. மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி ஏறி நசுக்கிக் கொடுத்துடும். (நம்மூர்ல ரோட்ல கொள்ளு காய வச்சு பஸ்ஸை ஏத்தறதை யோசிச்சுக்குங்க :-)) அதை மாட்டுக்கு அடியில படுக்கையாப் போட்டு, மூத்திரம் ஊறின மண்ணு, சாணி, சாம்பல் எல்லாம் கலந்து, ரெண்டடி ஆழக் குழியில அடுக்கு அடுக்காப் போடணும். ஈரம் காயக்கூடாது, காத்தும் அடைபடக்கூடாது. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை, ஒரு மாசத்துல ஒரு தடவை, ரெண்டு மாசத்துல ஒரு தடவை கிளறிப் புரட்டணும். மூணு மாசத்துல கறுப்பா, உதிரியா உரம் ரெடி.

இதுல விஞ்ஞானம் இருக்கறது விகிதத்துல. காய்ஞ்ச சருகுல கரி அதிகம், சாணியிலயும் பச்சைக் கழிவுலயும் தழைச்சத்து அதிகம். நுண்ணுயிருக்கு ரெண்டும் வேணும், ஏறக்குறைய 30க்கு 1ங்கற கணக்குல. என் டிரம்ல சருகே இல்லை, காத்தும் இல்லை. காத்து இல்லாத இடத்துல வேலை செய்யற கிருமிதான் அந்த நாத்தத்துக்குக் காரணம்.

1930ல கேப்ரியேல் இறந்து போனாங்க. 1931ல இந்தூர் முறையை விளக்கற புத்தகம் வந்தது. அட்டையில ரெண்டு பேர்: ஹோவர்ட், யஷ்வந்த் வாட். வாட் அங்க வேலை பார்த்த இந்திய வேதியியலாளர். இன்னிக்கு உலகம் முழுக்க இயற்கை விவசாயத்தோட தந்தைகள்ல ஒருத்தர்னு ஹோவர்டைச் சொல்றாங்க. வாட் பேரை எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? நானும் போன மாசம்தான் கேட்டேன்.

அதே 1931ல இன்னொண்ணும் நடந்தது. காத்துலேர்ந்து அமோனியா எடுக்கற ஹாபரோட கண்டுபிடிப்பைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு போன கார்ல் போஷுக்கு நோபல் பரிசு. ஒரே வருஷத்துல ரெண்டு பாதை. எந்தப் பாதையில உலகம் போச்சுன்னு நமக்குத் தெரியும். நம்ம ராணிப்பேட்டையில அதுக்கும் முன்னாடி, 1906லயே சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்தாச்சு.

இவ்வளவும் படிச்ச ஜோர்ல, ஊர்லேர்ந்து வந்திருந்த அப்பாகிட்ட வாய விட்டேன். அவர் லால்குடிப் பக்கம் நாப்பது வருஷம் நெல்லு போட்டவர். எங்கூர்ல யூரியாவுக்கு 'உப்பு'ன்னு பேரு.

"உங்க தலைமுறைதான்ப்பா உப்பு போட்டுப் போட்டு மண்ணைக் கெடுத்துடுச்சு."

அவர் கோபப்படலை. "நீ காலேஜ் போனது எதுலடா? அந்த உப்புலதான். ரேஷன் அரிசிக்கு வரிசையில நின்னவங்கடா நாங்க" அப்படின்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "ஆனா டிராக்டர் வந்ததும் மாட்டை வித்தேன் பாரு, அதுதான் தப்பு. எருக்குழியைத் தூர்த்து அந்த இடத்துல மோட்டார் ரூம் கட்டினேன்" அப்படின்னார்.

எனக்கு வாயடைச்சுப் போச்சு. யோசிச்சா அவர் சொன்னதுதான் சரியான வரலாறு. உலக மக்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் சாப்பாடு போஷ் பாதையில வர்ற தழைச்சத்தை நம்பித்தான் இருக்கு. 2021ல இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே போடாத் தடை பண்ணி, நெல் விளைச்சல் விழுந்து, அதே வருஷம் நவம்பர்ல பின்வாங்கினதைப் பார்த்தோம். வேருக்கு யூரியாவுலேர்ந்து வந்த நைட்ரேட்டா, சாணியிலேர்ந்து வந்த நைட்ரேட்டான்னு வித்தியாசம் தெரியாது. ஆனா மண்ணுக்குத் தெரியும். உப்பு செடிக்குச் சோறு போடுது, மண்ணுல வாழற புழுவுக்கும் பூஞ்சைக்கும் போடறது இல்லை. மண்ணைப் பொலபொலன்னு பிடிச்சு வைக்கறது அதுங்கதான். உப்பு போட்டது மட்டும் குத்தமில்லை, எருக்குழியைத் தூர்த்ததுதான் குத்தம். வோல்க்கர் பாணியில சொன்னா, அந்தத் தப்புக்கும் காரணம் அறிவில்லாதது இல்லை, மாடு கட்டுப்படி ஆகாதது.

மறுநாள் காலையில மாடிக்குப் போனா, அப்பா டிரம்மைக் கவுத்துப் போட்டு, பக்கவாட்டுல கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டுக்கிட்டு இருந்தார். தெருவுல கூட்டி வச்சிருந்த வேப்பஞ்சருகு ரெண்டு சாக்கு, பால்காரர்கிட்ட வாங்கின ஒரு வாளி சாணி. ஒரு பங்கு சமையல் கழிவுக்கு ரெண்டு மூணு பங்கு சருகு. கையால அள்ளிப் பிழிஞ்சு பார்த்து, "தண்ணி சொட்டக்கூடாது, கையில ஈரம் ஒட்டணும்" அப்படின்னார். ஹோவர்ட் பேரே கேள்விப்படாதவர்.

மூணாம் நாள் உள்ள கை விட்டேன், சுட்டுடுச்சு. நாத்தம் போயே போச்சு. மூணு மாசம் கழிச்சு மழை பெஞ்ச மண்ணு வாசனையோட உரம் வந்தது. தொட்டி மண்ணுல மூணுல ஒரு பங்கு கலந்தேன். இப்ப தண்ணி ஊத்தினா மேல நிக்கறது இல்லை. போன வாரம் ஒரு தொட்டியில மண்புழு பார்த்தேன். நாலாவது மாடிக்கு அது எப்படி ஏறி வந்துச்சோ! சாணியோட வந்திருக்கும்னு அப்பா சொல்றார்.

டிஸ்கி: முதல் கத்தரிக்காய் கீழ்வீட்டு மாமிக்குத்தான் போச்சு. உங்க வீட்டுல, உங்க ஊருல எருக்குழி இருந்ததா, எப்ப தூர்த்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. அதையெல்லாம் சேர்த்தாலே ஒரு வரலாறு தேறும்.