காவலும் பொறுப்புக் கூறலும்: கல்முனைக் கரையோரத்தில் ஊர்ப் பாதுகாப்பின் வரலாறு

1

இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றை எழுதுவோர் 1865 ஆம் ஆண்டை ஒரு தொடக்கப் புள்ளியாகக் கொள்வது வழக்கம். அவ்வாண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இந்நாட்டில் மாநகர சபைகளைத் தோற்றுவித்தது. அதற்கு நேர்முந்திய 16 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொலிஸ் பற்றியது என்பதும், பல திருத்தங்களோடு இன்றுவரை பொலிஸ் திணைக்களத்தின் மூலச் சட்டமாக அதுவே நிலைத்துள்ளது என்பதும் அத்துணை கவனிக்கப்படுவதில்லை. ஒரே ஆண்டில், அடுத்தடுத்த இலக்கங்களில் பிறந்த இவ்விரு சட்டங்களும் ஒன்றையொன்று நோக்கவேயில்லை. தெருவும் விளக்கும் சந்தையும் சபைக்குரியனவாயின. அத்தெருவில் நடப்போரைக் காவல் செய்யும் அதிகாரம் தேசாதிபதிக்கும் அவரால் நியமிக்கப்பட்டோருக்கும் உரியதாயிற்று.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1835 ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் ஒவ்வொரு நகரசபையும் ஒரு காவற் குழுவை அமைக்க வேண்டுமென விதித்திருந்தது. காவலரை நியமிக்கும் அதிகாரமும் விலக்கும் அதிகாரமும் அக்குழுவிடமே இருந்தன. 1964 ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம் வரும்வரை அம்முறை நீடித்தது. எழுச்சி பெற்றுவந்த ஆங்கில முதலாளி வர்க்கம் தன் ஊரின் காவலைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் அதே வர்க்கத்தின் அரசு, தான் வென்றடக்கிய அயர்லாந்தில் மத்திய ஆணைக்குக் கட்டுப்பட்ட ஆயுதப் பொலிஸ் ஒன்றையே நிறுவியது. குடியேற்ற நாடுகளுக்குப் பெரும்பாலும் எடுத்துச் செல்லப்பட்டது அயர்லாந்து மாதிரியே. ஆளப்படுவோர் தம்மைக் காப்போரிடம் விளக்கம் கேட்கும் உரிமை குடியேற்ற ஆட்சியின் தர்க்கத்தில் இடம்பெறவியலாதது.

அம்பாறைக் கரையோரத்தின் முஸ்லிம் ஊர்களில், சிறப்பாகக் கல்முனைப் பகுதியில், இத்தர்க்கம் எவ்வாறு தொழிற்பட்டு வந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்க்காவலின் சுமையை இங்கு எக்காலத்தும் ஊரவரே சுமந்துள்ளனர். அக்காவலுக்கான பொறுப்போ எப்போதும் மேல்நோக்கியே, கச்சேரிக்கும் திணைக்களத்துக்கும் படைத்துறைக்குமே, கூறப்பட்டு வந்துள்ளது. ஊரவர் தெரிவுசெய்த சபைக்கு அது கூறப்பட்டதில்லை.

2

இன்றைய அம்பாறை மாவட்டம் 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று என்பன மட்டக்களப்பு மாவட்டத்தின் பற்றுக்களாக இருந்தன. பற்றுக்கு ஒரு வன்னியனார், அவரின் கீழ் உடையார், ஊருக்கு ஒரு விதானை என அமைந்த தலைமைக்காரர் வரிசையே பிரித்தானியர் காலத்தில் நாட்டுப்புறத்தின் ஆட்சியாகவும் காவலாகவும் விளங்கியது. ஊர் விதானைக்குப் பொலிஸ் விதானை என்ற பெயர் வழங்கியமை அவரது கடமையை உணர்த்துகின்றது. சீருடைப் பொலிஸார் நகரங்களுக்கு உரியோர். கிராமத்தில் களவு நடந்தால் ஆளைப் பிடித்துக் கொடுப்பவர், பெரும்பாலும் சம்பளமற்றவரான இவ்விதானையே.

சம்பளமற்ற பதவியை வசதி படைத்தவரே ஏற்கவியலும். கரைவாகு, சம்மாந்துறை வயல்வெளிகளில் பெருநிலம் உடையோர் போடிமார் எனப்பட்டனர். அவர்களிடம் வயல் செய்தோர் முல்லைக்காரர். தலைமைக்காரர் பதவிகள் போடியார் குடும்பங்களையே சூழ்ந்து நின்றன. எனவே ஊர்க்காவல் எனப்பட்டது பெருமளவுக்கு நெல்லையும் மாட்டையும் காக்கும் காவலாக இருந்ததில் வியப்பில்லை. மாட்டுக் களவும் கால்நடை அத்துமீறலுமே கிராமிய வழக்குகளில் முதன்மை பெற்றன. பரணில் இரவிரவாக விழித்திருந்தவன் முல்லைக்காரன் அல்லது கூலியாள். இப்பகுதி நாட்டார் கவிகளிற் பரண்காவல் பிரிவுத் துயரோடும் தூக்கமின்மையோடும் இணைந்து வருவதை நாம் காதற் சுவையாக மட்டுமே படித்து வந்துள்ளோம். அது ஓர் உழைப்பு முறையின் பதிவுமாகும்.

வயல்வெளிக்கெனத் தனியே ஒரு காவலரும் இருந்தார். அவரே வட்டைவிதானை. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழமைகளை ஏற்று இத்தகைய பதவிகளுக்குச் சட்ட வலுவளித்தது. நீர்ப் பங்கீடு, வேலியடைப்பு, கால்நடைத் தடுப்பு என்பன அவர் பொறுப்பாயின. அவரது ஊதியம் விளைச்சலிலிருந்து நெல்லாகக் கிடைத்தது. அதாவது, காவலின் செலவை ஏற்றவர் வயல் செய்தவர். காவலரின் பதவியைத் தந்ததும் பறித்ததும் கச்சேரி.

3

ஊருக்குள்ளே இன்னொரு காவல் மரபும் இருந்தது. தாய்வழியாக எண்ணப்படும் குடிகள் இக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. முஸ்லிம் ஊர்களில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் மரைக்காயர் ஒருவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்தார். குடும்பப் பிணக்கு, சிறு களவு, வாய்ச்சண்டை என்பன பொலிஸுக்குப் போகுமுன் இம்மரைக்காயர் அவையில் தீர்க்கப்பட்டன. குற்றத்துக்கு அபராதமும் சில வேளை உடற்றண்டனையும் விதிக்கப்பட்டதுண்டு.

இதனை ஊர்ச் சனநாயகமெனப் போற்றுவோர் உளர். அது மிகையானது. குடிவழி வந்தமையால் மரைக்காயர் ஊரவர் அறிந்தவராகவும் தம் குடியினரின் முகத்துக்கு அஞ்சவேண்டியவராகவும் இருந்தார் என்பது உண்மை. பெண்களுக்கு அவ்வவையில் இடமில்லை என்பதும், வறியவனின் குற்றமும் போடியாரின் குற்றமும் அங்கு ஒரே நிறையால் நிறுக்கப்பட்டன என நம்ப இடமில்லை என்பதும் அதேயளவு உண்மை. 1956 ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தின் பின் நம்பிக்கையாளர் நியமனம் கொழும்பிலுள்ள வக்பு சபையின் அதிகாரத்துள் வந்தபோது, ஊரை நோக்கியிருந்த அந்தச் சிறு பொறுப்புணர்வும் மேல்நோக்கித் திரும்பிற்று.

4

தெரிவுசெய்யப்பட்ட சபைகள் இச்சூழலிலேயே தோன்றின. 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமக் குழுக்களையும் கிராம நியாய மன்றுகளையும் ஏற்படுத்தி, கால்நடை அத்துமீறல், சூது போன்றவற்றைத் தடுக்கும் விதிகளை ஆக்க இடமளித்தது. 1924 க்கும் 1938 க்கும் இடைப்பட்ட சட்டங்களால் கிராமக் குழுக்கள் படிப்படியாகத் தெரிவுமுறைக்கு வந்தன. எனினும் தெரிவுமுறை வலுப்பெற வலுப்பெற, ஒழுங்கு பேணும் கடமை சபையிடமிருந்து விலகிச் சென்றமையே கருதற்பாலது. நீதி கிராமக் கோட்டுகளுக்குச் சென்றது. காவல் பொலிஸுக்குச் சென்றது. சபையிடம் எஞ்சியவை தெருவும் கிணறும் சந்தையும் மயானமுமே.

கல்முனைப் பகுதியில் கல்முனைப் பட்டின சபையும், கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்கு என்னும் கிராம சபைகளும் இயங்கின. மருதமுனையின் நெசவாளரும் சாய்ந்தமருதின் மீனவரும் நற்பிட்டிமுனையின் வயற்றொழிலாளரும் தத்தம் வட்டார உறுப்பினரை வீட்டு வாயிலிற் கண்டு பேசக்கூடிய அளவில் அமைந்த சிறு சபைகள் அவை.

இக்காலப் பிரிவில் ஒரேயொரு முறை காவல், தெரிவுசெய்யப்பட்டோர் கைக்கு வந்தது. பிலிப் குணவர்த்தனாவின் 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்து, வட்டைவிதானையின் கடமைகளை அவற்றிடம் ஒப்படைத்தது. வயல் செய்வோரே வாக்களித்து அமைக்கும் குழு நீரையும் வேலியையும் காவலையும் கவனிக்கும் என்பது அதன் உட்கருத்து. நிலவுடைமையாளரின் எதிர்ப்பாலும் சட்டத்தின் ஓட்டைகளாலும் குத்தகைப் பாதுகாப்புப் பெருமளவு தோல்வி கண்டது. ஆயினும், காவலுக்குச் செலவிடுவோனே காவலரைத் தெரிவுசெய்யலாம் என்ற கொள்கை இந்நாட்டில் ஒருமுறை சட்டமாகியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. 1979 ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டத்தோடு அக்குழுக்கள் மறைந்தன.

1963 இல் விதானைமார் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் நியமிக்கப்பட்டனர். பரம்பரைச் செல்வாக்கு உடைபட்டது முற்போக்கானதே. ஆனால் புதியவரும் கச்சேரியின் ஊழியரே. அரசாங்க அதிபர் எழுத்தில் நியமித்தால் அவர் சமாதான அலுவலராகவும் கடமையாற்றலாம் எனக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவை கூறுகின்றது. ஆள் மாறினார், பொறுப்புக் கூறும் திசை மாறவில்லை.

5

1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தால் அடுத்த ஆண்டே கிராம சபைகளும் பட்டின சபைகளும் நாடெங்கும் இல்லாதொழிந்தன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் பழைய நான்கு சபைகளின் பரப்பும் ஒரே சபைக்குரியதாயிற்று. இனப்போர் தீவிரமடைந்த அதே ஆண்டுகளில் ஊரவரின் அண்மைச் சபைகள் அற்றுப்போயின என்பது இப்பகுதியின் பேரவலங்களுள் ஒன்று.

அவ்வெற்றிடத்தை ஆயுதம் நிரப்பியது. 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் துணைப் படைகளைத் திரட்ட இடமளித்தது. அதே ஆண்டு ஏப்ரிலில் காரைதீவுத் தமிழர் தாக்கப்பட்டனர். 1990 யூன் 11 இல் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சூழ்ந்தனர். சரணடைந்த பொலிஸார் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தொடர்ந்து கல்முனைக்குள் நுழைந்த இராணுவத்தால் தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் கொன்றனர். ஒரு வாரத்தின் பின் ஏறாவூரிலும் அதுவே நிகழ்ந்தது. அச்சம் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களின் இளைஞர் ஊர்காவற் படையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஏழைகள். மீன்பிடித்தோர், கூலி வேலை செய்தோர்.

அவ்விளைஞர் தம் ஊரைக் காத்தனர் என்பதை மறுப்பது நேர்மையாகாது. சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் அவ்வாண்டு தமிழ் அகதிகள் கொல்லப்பட்டபோது ஊர்காவலரும் அதிற் பங்குகொண்டனர் என்ற குற்றச்சாட்டை மறைப்பதும் நேர்மையாகாது. முஸ்லிம் ஊரின் காவல் அயலிலுள்ள தமிழ் ஊருக்கு அச்சமாக மாறியது எவ்வாறு? துவக்கு ஊரவனின் தோளில் இருந்தது. ஆணை ஊருக்கு வெளியிலிருந்து வந்தது. அவனை அழைத்து விசாரிக்க இரு இனத்தவரும் அமர்ந்த சபை எதுவும் இருக்கவில்லை. இனப் பகைமையே முழுக் காரணமெனக் கூறுவோர், அப்பகைமைக்குச் சம்பளமும் சீருடையும் வழங்கிய அமைப்பைக் காணத் தவறுகின்றனர். 2006 இல் ஊர்காவற் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டபோதும் அதன் கட்டளைப் பீடம் கொழும்பிலேயே இருந்தது.

6

போர் முடிந்த பின்னரும் நிலைமை அடிப்படையில் மாறவில்லை. 2011 ஆகஸ்டில் மர்ம மனிதர் பற்றிய அச்சம் பொத்துவில் முதல் கிண்ணியா வரை பரவியபோது, ஊரவர் தாமாகவே இராக்காவல் செய்தனர். பிடித்துக் கொடுத்தவரைப் படையினர் காப்பாற்றுகின்றனர் என நம்பி அவர்களோடு மோதினர். அந்நம்பிக்கை சரியா தவறா என்பதைவிட, அதனை விசாரித்துத் தீர்க்க ஊரில் எந்த மன்றமும் இருக்கவில்லை என்பதே முதன்மையானது. கிராம சேவகர் பிரிவு தோறும் இயங்கிய சிவில் பாதுகாப்புக் குழுக்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியால் கூட்டப்படுபவை. அவை ஊரைப் பற்றிப் பொலிஸுக்குச் சொல்லும். பொலிஸைப் பற்றி ஊருக்குச் சொல்வதில்லை.

2019 ஏப்ரில் 26 இல் சாய்ந்தமருதில் நிகழ்ந்தது இதைவிடக் கூரிய சான்று. வாடகை வீடொன்றுக்கு வந்த அந்நியரை ஐயுற்று விசாரித்ததும், பொலிஸாருக்கு அறிவித்ததும் அயலவரான முஸ்லிம்களே. அன்றிரவு உயிர்ச்சேதம் மேலும் பெருகாமைக்கு அவர்களது விழிப்பே காரணம். எனினும் இறந்தோருள் ஆறு குழந்தைகளும் அடங்கினர். ஐந்து நாட்களுக்கு முந்திய உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்களின் சூத்திரதாரி பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் ஏலவே முறையிட்டிருந்தனர் என்பதும் விசாரணைகளில் வெளிவந்தது. தகவல் மேலே சென்றது. அத்தகவலுக்கு என்னவாயிற்று எனக் கேட்கும் அதிகாரம் கீழே எவருக்கும் இருக்கவில்லை. அதன் பின்னர் நாடெங்கும் முஸ்லிம்கள் சந்தேகத்துக்கு உள்ளாகியமை நாமறிந்ததே.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் இக்குறையைப் போக்கியிருக்கலாமென்பர். அது மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவொன்றை விதந்துரைத்தது. அதன் மூவருள் ஒருவர் பிரதிப் பொலிஸ் மா அதிபர். ஆணைக்குழு எந்நாளும் இயங்கவில்லை. இயங்கியிருப்பினும் அதிகாரம் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்திருக்கும். கல்முனைத் தெருவுக்கு வந்திராது.

7

இங்கு ஒரு நியாயமான மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என இக்கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறித் தொடர்கின்றன. 2001 இல் மாநகர சபையான கல்முனையில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். பொலிஸைக் கண்காணிக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு அளித்தால் அது பெரும்பான்மையின் கருவியாகாதா எனப் பாண்டிருப்புத் தமிழர் கேட்பர். வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 யூனில் நடைபெற்ற உண்ணாவிரதமும், 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வர்த்தமானியில் வெளியாகிச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டமையும், சபையின் எல்லையே இங்கு பகைப்புலமாகியிருப்பதை உணர்த்துகின்றன.

இம்மறுப்பு கண்காணிப்பை வேண்டாமென்பதற்கான நியாயமன்று. அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் நிபந்தனையாகும். குழு அமைக்கும் அதிகாரம் சபைகளுக்குச் சட்டத்தில் ஏலவே உண்டு. வட்டாரந்தோறும் வாக்காளரால் தெரிவுசெய்யப்பட்ட, இரு இனத்தவருக்கும் பெண்களுக்கும் உழைப்போருக்கும் இடமுறுதி செய்யப்பட்ட காவற் குழுவொன்றின் முன் பொறுப்பதிகாரி மாதந்தோறும் வந்து, முறைப்பாடுகள் எத்தனை, நடவடிக்கை யாது எனப் பகிரங்கமாகக் கூறும் நிலை வேண்டும். அத்தகைய ஓரவையில் அயலூரவன் அச்சத்துக்குரிய உருவமாகவன்றி, எதிரே அமர்ந்து கேள்வி கேட்பவனாக இருப்பான். போடியாரின் நெல்லை மட்டுமன்றி முல்லைக்காரனின் உயிரையும் கைத்தறிப் பெண்ணின் இரவுப் பயணத்தையும் காவலின் பொருளாக்க அதுவே வழி.

2023 மார்ச்சில் நாடெங்கும் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிவடைந்தது. 2025 மே 6 இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, நிலுவையிலிருந்த வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடைபெறவில்லை. காவலைப் பற்றிக் கேட்கும் உரிமையற்ற சபையைக் கொண்டிருந்த ஊர், அன்று சபையையே தெரிவுசெய்ய இயலாத ஊராயிற்று. எல்லை வழக்கையும் காவற் பிரச்சினையையும் வெவ்வேறாகக் காணும் நம் அரசியல்வாதிகள் இரண்டிலும் இழப்பது ஒன்றையே என்பதை உணர வேண்டும்: 1865 இல் மறுக்கப்பட்ட, ஊரவர் கூடியிருந்து தம் காவலை விசாரிக்கும் உரிமையை.