யாருடைய பாட்டு? கர்ட்டிஸ் மேஃபீல்டும் அவருக்கான அஞ்சலிகளும்

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒப்பாரி பாடும் ஒரு ஆயா இருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனது. சில மாதங்கள் கழித்து அந்தப் பாட்டு ஒரு இசைத்தொகுப்பில் வந்தது. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஆயாவின் பெயர் எங்கும் இல்லை. அவர் இறந்தபோது அதே குழு மாலை கொண்டுவந்தது. மாலை போடத் தெரிந்தவர்களுக்குப் பெயர் போடத் தெரியவில்லை.

தோழர்களே, இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வரலாறு நெடுக இதே கதைதான். பாடியவருக்குக் கையில் கொஞ்சம் காசு. பாட்டின் உரிமை முதலாளிக்கு. இந்த ஏற்பாட்டை இளம் வயதிலேயே புரிந்துகொண்டு மறுத்தவர் கர்ட்டிஸ் மேஃபீல்ட். அவருடைய இசைத்தொகுப்புகளையும், பிறர் அவருக்குச் செலுத்திய இசை அஞ்சலிகளையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

மேஃபீல்ட் 1942இல் சிகாகோவில் பிறந்தார். ஏழைக் குடும்பங்களுக்கான கேப்ரினி-கிரீன் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். பாட்டி ஒரு சிறிய சபையில் பிரசங்கம் செய்பவர். இசை அங்கிருந்துதான் வந்தது. கிதாரைத் தானாகவே கற்றுக்கொண்டார். பியானோவின் கறுப்புக் கட்டைகள் தரும் ஒலிக்கு ஏற்பக் கம்பிகளைச் சுருதி கூட்டினார். கடைசிவரை அப்படியேதான் வாசித்தார்.

1958இல் ‘இம்ப்ரெஷன்ஸ்’ குழுவின் மூலம் அறிமுகமானார். 1964இல் ‘கீப் ஆன் புஷிங்’, 1965இல் ‘பீப்பிள் கெட் ரெடி’ என்று வந்த பாடல்கள் குடியுரிமைப் போராட்டத்தின் பாடல்களாயின. கறுப்பர்களின் பெருமிதத்தை வெளிப்படையாகச் சொன்ன ‘வீ ஆர் எ வின்னர்’ பாடலைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன.

இதே காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலை மேடையில் தெரியாதது. அமெரிக்காவில் ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால் பணம் பாடியவருக்குப் போவதில்லை. எழுதியவருக்கும் பாடலின் பதிப்புரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமே போகிறது. வேறொருவர் அதே பாட்டைப் பாடி வெளியிட்டாலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே பாட்டு எழுதினால் மட்டும் போதாது, பதிப்புரிமையும் கையில் இருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்திலேயே மேஃபீல்ட் தன் பாடல்களுக்கெனச் சொந்தப் பதிப்பு நிறுவனம் வைத்துக்கொண்டார். 1968இல் எட்டி தாமஸுடன் சேர்ந்து ‘கர்ட்டம்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். கர்ட்டிஸ், தாமஸ் என்ற இருவர் பெயரின் முதற்பகுதிகளும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்.

குழுவைவிட்டு வெளியேறி அவர் வெளியிட்ட முதல் தனித்தொகுப்பு ‘கர்ட்டிஸ்’ (1970). இங்கேதான் அவர் ஃபங்க் இசைக்கு வருகிறார். பேஸ் கிதாரும் டிரம்ஸும் பாட்டை இழுத்துக்கொண்டு போகும். கிதாரே தாளக்கருவிபோல் வெட்டி வெட்டி ஒலிக்கும். அதன் மேல் மேஃபீல்டின் மெல்லிய உச்சக்குரல். கத்தாமல் கோபத்தைச் சொல்லும் குரல் அது. இந்தத் தொகுப்பில் உள்ள ‘வீ பீப்பிள் ஹூ ஆர் டார்க்கர் தேன் ப்ளூ’ வெள்ளையர்களை நோக்கிப் பாடப்பட்டதல்ல. கறுப்பர்களுக்குள்ளேயே நிறத்தின் அடர்த்தியை வைத்து மேல் கீழ் பார்ப்பதைத் தன் மக்களிடமே கேட்கும் பாட்டு. உட்சாதி வேறுபாட்டைப் பற்றிப் பேசத் தயங்குகிற நாம் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

1972இல் வந்தது ‘சூப்பர் ஃப்ளை’. ஹார்லெமில் கோகெய்ன் விற்பவனைப் பற்றிய திரைப்படத்துக்கான இசை. படம் அவனை நாயகனாக்குகிறது. பாடல்களோ அந்தத் தொழில் யாரைத் தின்கிறது என்று கேட்கின்றன. ‘ஃப்ரெடீஸ் டெட்’ பாடலின் இசை மட்டுமே படத்தில் ஒலிக்கிறது. சொற்கள் இசைத்தட்டில்தான் இருக்கின்றன. அந்தத் தட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலிய இளைஞர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கினார்கள். ‘சிறுத்தை’ என்ற சொல் நம் சேரிச் சுவர்களுக்கு வந்த வழி அது. மேஃபீல்ட் எந்தக் கட்சியிலும் நின்றவர் அல்ல. ஆனால் சிறுத்தைகளை உருவாக்கிய தெருக்களையே அவரும் பாடினார்.

1975இல் வந்த ‘தேர்ஸ் நோ பிளேஸ் லைக் அமெரிக்கா டுடே’ தொகுப்பின் அட்டையைப் பாருங்கள். காரில் சிரித்தபடி போகும் வெள்ளைக் குடும்பத்தின் விளம்பரப் பலகை; அதன் கீழே வரிசையில் நிற்கும் கறுப்பின மக்கள். 1937 வெள்ளத்தின்போது மார்கரெட் போர்க்-வைட் லூயிவில்லில் எடுத்த புகைப்படத்தைத் தழுவி வரையப்பட்டது அது. நம் ஊர் ரேஷன் கடை வரிசைக்கு மேலே தொங்கும் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

1990 ஆகஸ்ட் 13. நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்தவெளி நிகழ்ச்சி. பலத்த காற்றில் விளக்குக் கோபுரம் சரிந்து மேஃபீல்டின் மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன் பிறகு அவர் கிதாரைத் தொடவே முடியவில்லை.

பிறகுதான் அஞ்சலிகள் வந்தன. 1994இல் வெளியான ‘ஆல் மென் ஆர் பிரதர்ஸ்’ தொகுப்பில் அரேத்தா ஃபிராங்க்ளின், ஸ்டீவி வொண்டர், பி.பி. கிங், விட்னி ஹியூஸ்டன், எரிக் கிளாப்டன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எனப் பெரும் பெயர்கள் அவருடைய பாடல்களைப் பாடினார்கள். அன்போடு செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. துப்பாக்கிச் சாவைப் பேசும் ‘பில்லி ஜாக்’கை லென்னி கிராவிட்ஸ் பாடினார். என்றாலும் தொகுப்பின் சாய்வு 1960களின் காதலும் நம்பிக்கையும் கலந்த பாடல்களின் பக்கம்தான். எந்தச் சமூகமும் தன் கலகக்காரருக்கு அஞ்சலி செலுத்தும்போது அவருடைய மென்மையான பக்கத்தையே முதலில் எடுக்கிறது. அம்பேத்கரைச் சட்டப் புத்தகத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறவர்களை நாம் பார்க்காததா?

மேஃபீல்டின் பதில் 1996இல் வந்தது: ‘நியூ வேர்ல்ட் ஆர்டர்’. மல்லாந்து படுத்தால்தான் பாடும் அளவுக்கு மூச்சு பிடிக்கும் என்ற நிலை. ஒவ்வொரு வரியாகப் பாடி, பிறகு அவற்றைக் கோத்துப் பாட்டாக்கினார்கள். அந்த நிலையில் தன் பழைய பாடல்களிலிருந்து அவர் மீண்டும் பாடத் தேர்ந்தெடுத்தவற்றில் ஒன்று ‘வீ பீப்பிள் ஹூ ஆர் டார்க்கர் தேன் ப்ளூ’. தன்னை எதற்காக நினைவில் வைக்க வேண்டும் என்று தானே சொல்லிவிட்டுப் போனார் என்றுதான் நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம். 1999 டிசம்பர் 26 அன்று காலமானார்.

அஞ்சலிகள் நிற்கவில்லை. 2010இல் ஜாஸ் கலைஞர் வில்லியம் பார்க்கர், கவிஞர் அமிரி பராக்காவை உடன் வைத்துக்கொண்டு, மேஃபீல்டின் பாடல்களுக்கு உள்ளே இருக்கும் பாடல்களைத் தேடும் ஒரு தொகுப்பை வெளியிட்டார். பழைய பாட்டை நகலெடுக்காமல், அதன் கோபத்தை இன்றைக்குப் பேசவைக்கிற அஞ்சலி அது. பாப் மார்லி ‘பீப்பிள் கெட் ரெடி’யைத் தன் ‘ஒன் லவ்’ பாட்டில் கலந்தபோது, 1977 தொகுப்பில் மேஃபீல்டின் பாட்டுப் பெயரும் தலைப்பில் சேர்ந்தது. பாடலாசிரியராக அவர் பெயரும் இடம்பெற்றது. ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குச் செய்யக்கூடிய நேர்மையான மரியாதை அதுதான்.

கர்ட்டம் நிறுவனம் 1980ஐ ஒட்டி மூடப்பட்டது. ஆனால் பாடல்களில் எழுதியவரின் பெயர் நின்றது. விரல்கள் அசையாத ஆண்டுகளிலும், உலகில் யார் அந்தப் பாட்டைப் பாடி வெளியிட்டாலும், எழுதியவருக்கென்று ஒரு பங்கு இருந்தது. அது தானம் அல்ல, உரிமை.

நம் நாட்டிலும் 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் பயன்படும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குரிய சமபங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. பாடுகிறவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் உரிமைகள் உண்டு. பறையிசைக் குழுக்களோடும் கானா பாடும் தம்பிகளோடும் வேலை செய்யும் மாணவர்கள் இந்தச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். யாராவது பதிவு செய்ய வந்தால், பாடுகிறவரின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றை எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் ஆயாவுக்கு அதைச் செய்யத் தவறியவர்கள் நாங்கள். பதிவு நடந்த அன்று நாங்களும் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தோம்.