திருவருகைக்காலம்

திருவருகைக்காலம் என்பது கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முன் மேற்கத்தியத் திருச்சபைகள் கடைப்பிடிக்கும் நான்கு ஞாயிறுகள் கொண்ட ஆயத்தக் காலம். நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கும் இதுவே வழிபாட்டு ஆண்டின் முதல் காலம். கத்தோலிக்க, ஆங்கிலிக்க, லூத்தரன் சபைகள் இதனைக் கொண்டாடுகின்றன.

இக்காலத்தின் மனமாற்ற அழைப்பு திருமுழுக்கு யோவானின் போதனையை மையமாகக் கொண்டது. லூக்கா நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தில், என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட மக்களிடம் அவர் நோன்பையோ பலியையோ விதிக்கவில்லை. இரண்டு அங்கி உடையவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கவும், வரிதண்டுவோர் மிகுதியாக வாங்காதிருக்கவும், படைவீரர் எவரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காதிருக்கவும் பணித்தார். மனமாற்றம் அன்றாடத் தொழிலிலும் கொடுக்கல் வாங்கலிலும் வெளிப்பட வேண்டும் என்பதே இதன் உட்பொருள். திருவருகைச் சிந்தனைகளில் இதைவிடக் கூர்மையான பகுதி அரிது. கத்தோலிக்கர் இந்நாள்களில் ஒப்புரவு அருளடையாளம் பெறுவது வழக்கம்.

இக்காலத்தின் முன்னோடியாக, 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலியா (இன்றைய பிரான்சு) பகுதியில் கிறிஸ்தவர்கள் புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் நோன்பு இருந்தனர். பின்னர் கடுமை தளர்ந்தது. 1969-இல் சீரமைக்கப்பட்ட உரோமை நாள்காட்டி, திருவருகைக்காலத்தைக் கிறிஸ்துவின் முதல் வருகையை நினைவுகூர்ந்து இரண்டாம் வருகையை எதிர்நோக்கும் காலமாக வரையறுக்கிறது.

இக்கால வழிபாட்டில் ஊதா நிறத் திருவுடை அணியப்படும். மூன்றாம் ஞாயிறன்று இளஞ்சிவப்பும் அணியலாம். திருவருகைக்கால மெழுகுதிரி வளையம் 1839-இல் ஹாம்பர்க் நகரில் லூத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விகெர்ன் தொடங்கிய வழக்கம். பைசாந்திய மரபில் திருவருகைக்காலத்துக்கு இணையான பிறப்புவிழா நோன்பு 40 நாள் நீடிக்கும்.